எப்போதும் சாப்பிட்டுவிட்டு வந்த முதலை

ஒரு காட்டில் என்று தொடங்கினால்தான் நீங்கள் கதை கேட்க வந்து உட்காருவீர்கள். சரி, ஒரு காட்டில்தான். ஆனால் குழந்தைகளே, அந்தக் காட்டில் மரம் கிடையாது. பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலா என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. சிமெண்டுத் தூண்களும் தகரக் கூரைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற காடு அது. அதன் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். குப்பை வழிவிட்டால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும்.

அந்த ஆற்றங்கரையில் சபேல் என்று ஒரு கொக்கு வாழ்ந்தது. அந்த ஊரில் வயதில் மூத்த பெண்களை 'ஆலிங்' என்றும் ஆண்களை 'மாங்' என்றும் மரியாதை சேர்த்து அழைப்பார்கள். அதனால் எல்லோருக்கும் அது ஆலிங் சபேல். பொறுமையில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு பழைய லாரி டயரின் மேல் காலையிலிருந்து நிற்கும். மிதக்கிற பிளாஸ்டிக் பைகள் விலகும் நேரம் பார்த்து, ஒரே கொத்தில் ஒரு ஜிலேபி மீனை எடுக்கும்.

பக்கத்தில் மாங் தோரோ என்ற பூனை இருந்தது. எது நடந்தாலும் சிரிக்கும். வெள்ளம் வந்து வீட்டை அடித்துக்கொண்டு போனால், "நல்லதாயிற்று, கூட்டிப் பெருக்கும் வேலை மிச்சம்!" என்று சிரிக்கும்.

கிகோ என்ற எலியும் இருந்தது. கையில் எது கிடைத்தாலும் அதை வைத்து எதையாவது செய்துவிடும். காலி பாட்டில்களைக் கட்டித் தெப்பம் செய்தது. மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு தகர டப்பா வைத்தது. ஆற்றில் பிடித்த மீனை அந்தத் தண்ணீரில் அலசி, குடலை எறிந்துவிட்டு, சின்ன எலுமிச்சையைப் பிழிந்து தின்ன எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது.

பூனையும் எலியும் எப்படி நண்பர்களாக இருந்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒருவரை ஒருவர் துரத்தித் தின்ன அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

ஆற்றின் மேல் பக்கத்தில், உயரமான மதிலுக்குப் பின்னால், டோன் ஃபாபியான் என்ற முதலை வசித்தது. அந்த ஊரில் பணக்காரர்களுக்கு 'டோன்' பட்டம். அதன் வளாகத்துக்குள் ஒரு சாயப்பட்டறை. பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் ஊற்றுக் குளம். குளத்தில் அடி மண் தெரியும்படி தெளிந்த தண்ணீர், அதில் கொழுத்த மீன்கள். பட்டறையின் கழிவுச் சாயம் ஒரு வாய்க்கால் வழியாகக் குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, மதிலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் இறங்கி, ஆற்றில் விழுந்தது.

ஒரு நாள் ஆறு சிவப்பு. ஒரு நாள் நீலம். ஒரு நாள் என்ன நிறம் என்றே சொல்ல முடியாது.

டோன் ஃபாபியானின் வாய் மட்டும் தேன். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அது படகில் ஏறிக் கீழே வரும். ஒரு பெரிய பேனரை விரிக்கும். பேனரின் பாதியில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் அதன் முகம். மறு பாதியில் கொட்டை எழுத்துகள்: "தளராத கரைவாசிகளே, உங்களுக்குத் தலைவணங்குகிறேன்!"

"அடடா! இந்தத் தண்ணீரிலும் மீன் பிடிக்கிறீர்களே! இத்தனைக்கும் நடுவே சிரிக்கிறீர்களே! உங்களைப் போல உலகத்தில் உண்டா?" என்று அது கேட்கும்.

விலங்குகளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கை தட்டும். படகு போனதும் கிகோ அந்தப் பேனரை இறக்கி யாருக்காவது கூரையாகப் போட்டுவிடும். அந்தக் கரையில் பேனர் கூரை இல்லாத வீடே இல்லை. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் டோன் ஃபாபியானின் பற்கள் தெரியும்.

அந்த ஊரில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நாம் சாப்பிடும்போது யார் அந்தப் பக்கம் போனாலும், "வாருங்கள், சாப்பிடலாம்!" என்று கூப்பிட வேண்டும். தெரியாதவராக இருந்தாலும் கூப்பிட வேண்டும். அவரோ, "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். இருப்பதே கொஞ்சம், அதில் நாம் வேறு பங்குக்குப் போவதா என்ற நல்ல எண்ணம்தான். இரண்டு பக்கமும் மரியாதை.

டோன் ஃபாபியான் வரும்போதெல்லாம் விலங்குகள், "வாருங்கள் டோன், சாப்பிடலாம்!" என்று மீனை நீட்டும்.

"இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று முதலை வயிற்றைத் தடவிக் காட்டும்.

"எவ்வளவு பெரிய இடம், எவ்வளவு அடக்கம்!" என்று மாங் தோரோ மெச்சிக்கொள்ளும்.

அந்த வருடம் ஆலிங் சபேலின் கூட்டில் ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. அதற்கு முந்தைய வருடங்களில் இட்ட முட்டைகள் எல்லாம் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கிப்போயின. இது ஒன்றுதான் பிழைத்தது. அதற்கு ஆலிங் சபேல் லிகாயா என்று பெயர் வைத்தது. அவர்கள் மொழியில் மகிழ்ச்சி என்று அர்த்தம்.

லிகாயாவுக்கு ஆலிங் சபேல் மீனை அலசி அலசி ஊட்டியது. சிறகு முளைத்தது. குரல் வந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. எழுந்தால் வலது கால் மடங்கி, கூட்டிலேயே சரிந்துவிடும். பிறகு கழுத்தும் தொங்க ஆரம்பித்தது. மீனை நீட்டினால் வாயைத் திறக்கக்கூட யோசித்தது.

எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது?

அடுத்த முறை முதலையின் படகு வந்தபோது ஆலிங் சபேல் டயரிலிருந்து இறங்கிப் போய் நின்றது.

"டோன் ஃபாபியான், என் குஞ்சுக்குக் கால் நிற்கவில்லை. இந்தச் சாயத் தண்ணீர்தான் காரணம். அவள் பறக்கும்வரையாவது குழாயை மூடுவீர்களா?"

முதலையின் முகம் ஒரு நொடி சுருங்கியது. உடனே பழைய சிரிப்பு வந்தது.

"ஆலிங் சபேல், நீங்களா இப்படிப் பேசுவது? உங்கள் பொறுமையைப் பற்றி நான் போகாத ஊர்களில் எல்லாம் பேசுகிறார்கள். அடுத்த வாரம் ஒரு பெரிய விழா எடுக்கப்போகிறேன். மற்ற ஆறுகளிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், உங்களைப் பார்ப்பதற்கென்றே! அவர்கள் முன்னால் இப்படி மூக்கைச் சிந்துவீர்களா?"

மாங் தோரோ அவசரமாகக் கொக்கின் சிறகைப் பிடித்து இழுத்தது.

"விடு சபேல். நம் மானம் என்ன ஆவது? குஞ்சு தேறிவிடும். சிரி, சிரி."

"இன்னொரு தடவை அலசிக் கொடுங்கள், ஆலிங் சபேல். வேண்டுமானால் பெரிய டப்பாவாகச் செய்து தருகிறேன்" என்றது கிகோ.

பாருங்கள் குழந்தைகளே, தன் குஞ்சு சாகக் கிடக்கிறது என்று சொன்னதற்கு அந்தத் தாயைத்தான் வாயை மூடச் சொன்னார்கள். அதுவும் சொந்த நண்பர்கள்!

பூனை பேச்சை மாற்ற, மீன் இருந்த இலையை நீட்டியது. "வாருங்கள் டோன், சாப்பிடலாம்!"

"இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றது முதலை.

படகு திரும்பும்போது ஓர் அலை எழுந்து, முதலையின் வால் நுனியில் ஆற்றுத் தண்ணீர் தெறித்தது. அது துள்ளி எழுந்து, படகில் வைத்திருந்த ஊற்றுத் தண்ணீரை எடுத்து வாலைக் கழுவியது. கழுவிவிட்டு மறுபடியும் கழுவியது.

ஆலிங் சபேல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. இத்தனை வருடங்களில் இந்த முதலை ஒரு வாய் மீன்கூட நம்மோடு தின்றதில்லையே என்று அதற்குத் தோன்றியது. காலையில் வந்தாலும் சாப்பிட்டுவிட்டது. மத்தியானம் வந்தாலும் சாப்பிட்டுவிட்டது. மரியாதைக்கு மறுக்கிறவர் என்றாவது ஒரு நாள் நம் சந்தோஷத்துக்காக ஒரு துண்டு எடுத்துக்கொள்ள மாட்டாரா?

கொக்கு சிறகை விரித்து ஆற்றின் மேல் பக்கம் பறந்தது. மதில் மேல் போய் உட்கார்ந்தது.

கீழே டோன் ஃபாபியான் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தது. வேலையாட்கள் பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, ஓர் எருமை தலை குனியாமல் நுழையக்கூடிய குழாயைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறையின் மேஸ்திரி ஓர் உடும்பு. அது கரையில் கைகட்டி நின்றது.

"ஐயா, சாயத்தைத் தொட்டி கட்டித் தெளிய வைத்து அனுப்பினால் என்ன? கீழே ஒரு குஞ்சு சாகக் கிடப்பதாகச் சொல்கிறார்கள்."

"தொட்டியா? எதற்கு?" என்று முதலை சிரித்தது. "முதல் குழாய் வைத்தபோது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். அவர்கள் மழைத் தண்ணீருக்கு டப்பா வைத்துக்கொண்டார்கள். பெரிய குழாய் வைத்தேன், தெப்பம் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஒரு நாள் சேர்ந்து கத்தியிருந்தால் அன்றைக்கே தொட்டி கட்டியிருப்பேன். கத்தவில்லையே! சிரிக்கிறவர்களுக்கு எதற்குத் தொட்டி? ஒரு பேனர் போதும். விழா அன்றைக்கே இந்தக் குழாயைத் திறந்துவிடு. கை தட்டுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது."

தன் பொறுமை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் ஆலிங் சபேலுக்குப் புரிந்தது.

திரும்பி வந்து கேட்டதை அப்படியே சொன்னது.

மாங் தோரோ வழக்கம்போல் சிரிக்க வாயைத் திறந்தது. சிரிப்பு வரவில்லை.

கிகோ தன் தகர டப்பாவையே வெறித்துப் பார்த்தது. "என் டப்பாவைச் சாக்கு வைத்தா குழாயைப் பெரிதாக்கினான்?" என்று கேட்டுவிட்டு, அதை ஓங்கி உதைத்தது. டப்பா உருண்டு ஆற்றில் விழுந்தது.

"இனிமேல் என்ன செய்வது?" என்றது பூனை.

"இத்தனை நாளும் அவன் அனுப்பியதை எல்லாம் வாங்கிக்கொண்டோம்" என்றது ஆலிங் சபேல். "இனி வாங்க வேண்டாம். அவனுடையதை அவனிடமே விட்டுவிடுவோம். கிகோ, கூரைகளை எல்லாம் இறக்கு."

"பேனர்களையா? மழை வந்தால் நனைவோமே, ஆலிங் சபேல்!"

"நனைவோம். மழைத் தண்ணீராவது சுத்தமாக இருக்கிறது."

விழா நாள் காலையில் கரையில் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. வருடக்கணக்காக வந்த பேனர்கள் அத்தனையையும் இழுத்துக்கொண்டு விலங்குகள் எல்லாம் குழாய் வாய்க்குப் போயின. சுருட்டின. திணித்தன. கிகோ இண்டு இடுக்கு விடாமல் கயிற்றால் தைத்தது. இடைவெளிகளில் தெப்பத்தின் பாட்டில்களை அடைத்தன. கடைசியாக ஆலிங் சபேல் நின்று மீன் பிடித்த லாரி டயரை முட்டுக் கொடுத்தன. குழாயின் வாய் முழுக்க டோன் ஃபாபியானின் பற்கள்.

மதிலுக்கு உள்ளே உடும்பு மதகைத் திறந்தது.

சாயம் பாய்ந்து வந்தது. குழாயில் முட்டியது. திரும்பியது. வாய்க்கால் நிறைந்து, பொங்கி, ஊற்றுக் குளத்தில் கொட்டியது. குளம் சிவந்தது. பிறகு நீலம் கலந்தது. கொழுத்த மீன்கள் ஒவ்வொன்றாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே மிதந்தன.

அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். ஓர் எருமை, ஓர் ஆமை, ஊர் செய்திகளை எல்லாம் பரப்பும் ஒரு கிளி. அவர்கள் கண் முன்னால் மதில் கதவைத் தள்ளிக்கொண்டு, மூக்கு முதல் வால் வரை சிவப்பும் நீலமும் வழிய ஒரு பிராணி ஓடி வந்தது.

"யார் அடைத்தது? என் குளம்! என் மீன்! என் கண் எரிகிறது! எடுங்கள், குழாயைத் திறங்கள்!"

மாங் தோரோ முன்னால் வந்து தலைவணங்கியது. "அடடா, டோன் ஃபாபியான்! இந்தத் தண்ணீரிலும் நீந்துகிறீர்களே! உங்களைப் போல உலகத்தில் உண்டா? கொஞ்சம் சிரியுங்கள், பேனர் எழுதலாம்."

"விளையாடாதே! ஒரு நிமிடம்கூட இதில் இருக்க முடியாது!"

"டோன், மழைத் தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள், பழகிவிடும்" என்றது கிகோ. "டப்பா வேண்டுமா?"

ஆலிங் சபேல் மெதுவாக நடந்து வந்தது. திறந்து கிடந்த மதில் கதவு வழியாகப் போய், குளத்தில் மிதந்த மீன்களில் ஒன்றை எடுத்து வந்து, இலையில் வைத்து, எலுமிச்சையையும் பிழிந்து, முதலையின் முன்னால் நீட்டியது.

"வாருங்கள் டோன், சாப்பிடலாம்."

முதலை மீனைப் பார்த்தது. விருந்தாளிகளைப் பார்த்தது. பழக்கதோஷத்தில் அதன் வாயிலிருந்து தானாக வந்தது: "இப்போதுதான் சாப்பிட்டேன்."

"எங்கே?" என்றது ஆலிங் சபேல். "உங்கள் குளத்து மீன் எல்லாம் செத்துவிட்டதே. எங்கே சாப்பிட்டீர்கள்?"

முதலை குளத்தைத் திரும்பிப் பார்த்தது.

"இது உங்கள் குளத்து மீன். உங்கள் சாயம். நான் பிடித்ததுகூட இல்லை. ஒரு வாய் தின்னுங்கள், நான் அடைப்பை எடுக்கிறேன்."

முதலை பின்னால் நகர்ந்தது. "அது... அது விஷம்."



"தெரிந்துதான் இருந்திருக்கிறது" என்றது கொக்கு. அதன் குரல் உயர்ந்தது. அந்தப் பொறுமைக்காரக் கொக்கின் குரல் அவ்வளவு உயரும் என்று அன்று வரை யாருக்கும் தெரியாது. "விஷம் என்று தெரிந்துதான் எங்களுக்கு அனுப்பினாய். நாங்கள் அதைத் தின்பதைப் பார்த்துக் கைதட்டினாய். நீ ஒரு நிமிடம் தாங்காததை என் குஞ்சு பிறந்த நாளிலிருந்து தின்கிறது. பேனர் வைக்கிறாயா எனக்கு, பேனர்?"

எருமை கொம்பை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தது. ஆமையும் வந்தது. கரையில் இருந்த விலங்குகள் எல்லாம் எழுந்து நின்றன. முதலைக்குப் போக இடம் இல்லை. பின்னால் அதன் சொந்தக் குளம் நிறம் நிறமாக நுரைத்துக்கொண்டிருந்தது.

அடைப்பை அவர்கள் எடுக்கவில்லை. தொட்டி கட்டும்வரை பட்டறை ஓடக் கூடாது என்றார்கள். பட்டறைக்கு மேலே, ஊற்று பிறக்கும் இடத்தில் கரைவாசிகள் மீன் பிடிப்பார்கள், யாரும் தடுக்கக் கூடாது என்றார்கள். முதலை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியது. உடும்பு தொட்டி கட்டியது. ஆறு உடனே தெளிந்துவிடவில்லை. அவ்வளவு சாயமும் எங்கே போகும்? ஆனால் நாளுக்கு ஒரு நிறம் மாறுவது நின்றது.

லிகாயா பிழைத்தது. ஊற்று மீனைத் தின்று கழுத்தை நிமிர்த்தியது. ஒரு நாள் எழுந்தும் நின்றது. இடது காலில் மட்டும். வலது கால் கடைசிவரை நிமிரவே இல்லை.

பார்க்க வந்த கிளி சிறகைத் தட்டியது. "ஆகா! ஒற்றைக் காலோடு எப்படி நிற்கிறாள் பாருங்கள்! என்ன மன உறுதி! இதை ஊரெல்லாம் சொல்ல வேண்டும். ஒரு பேனர் வைத்தால்கூட..."

கொக்கு என்றால் ஒற்றைக் காலில்தானே நிற்கும் என்று ஒரு சிரிப்புச் சிரிக்க மாங் தோரோவின் நாக்கு துறுதுறுத்தது. அது ஆலிங் சபேலின் முகத்தைப் பார்த்தது. பிறகு கிளியிடம் திரும்பிச் சொன்னது:

"ஊரெல்லாம் சொல். ஆனால் அவள் எப்படி நிற்கிறாள் என்று சொல்லாதே. மற்றக் காலை யார் முடக்கினார்கள் என்று சொல்."

நீதி: உன் துன்பத்தை நிறுத்தக் கூடியவர், அதை நிறுத்தாமல் உன் பொறுமையைப் புகழ்ந்தால், அந்தப் புகழை வாங்காதே, துன்பத்தை நிறுத்தச் சொல்.